கர்ப்பிணி மட்டும் கை கழுவினால் போதுமா?

வாடிப்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “2020-இல் முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது என்னை அறையை விட்டே வெளியில் விடவில்லை. நானும் தோல் உரியும் அளவுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தேன். அப்படியும் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்தது, எனக்கும் வந்தது. இப்போது இரண்டாவதாக ஐந்து மாதம். அன்றைக்கு நான் எதில் தவறினேன்? மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்தால் எந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?”

மதுரை மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலையைத் தொடங்கி, சமுதாயச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பெருந்தொற்றின் முதல் இரண்டு அலைகளிலும் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். எனவே முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எதிலும் தவறவில்லை. அறைக்குள் இருந்தபடி கை கழுவிய உங்களுக்கு, வெளியே போய்வந்தவர்களின் மூச்சின் வழியாகத் தொற்று வந்து சேர்ந்திருக்கும். அடைத்து வைக்கப்பட்டவர் நீங்கள் ஒருவர். கடைக்கும் வேலைக்கும் துக்க வீட்டுக்கும் போய்வந்தவர்கள் மற்ற எல்லாரும். அவர்கள் செய்ய வேண்டியிருந்ததை உங்கள் இரண்டு கைகளால் ஈடுகட்டியிருக்கவே முடியாது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்: கர்ப்பிணியைக் காக்கும் பழக்கங்களில் பெரும்பகுதி, அவரைச் சுற்றி இருப்பவர்கள் மேற்கொள்ள வேண்டியவை.

கர்ப்பிணிக்கு ஏன் இந்தத் தனிக் கவனம் என்பதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் “கர்ப்பமாக இருந்தால் எதிர்ப்புச் சக்தியே இருக்காது” என்று பலரும் சொல்வது சரியல்ல. எதிர்ப்பாற்றல் அழிந்துபோவதில்லை; வயிற்றில் வளரும் கருவை உடல் வெளிப்பொருளாக எண்ணித் தள்ளிவிடாதபடி அது தன்னைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமான காரணம் நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது. கருப்பை பெரிதாகும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏறக்குறைய 4 செ.மீ. மேலே ஏறுகிறது, மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றின் இருப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது, அதே காலத்தில் உடலின் ஆக்சிஜன் தேவையோ சுமார் 20 சதவீதம் கூடுகிறது. இருப்பு குறைந்து செலவு கூடிய வீட்டைப் போன்றது அந்த நுரையீரல். சாதாரண நாளில் சமாளித்துவிடும், நுரையீரலைத் தாக்கும் நோய் வந்தால் விரைவில் தடுமாறும். கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இது கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று. 1918-இன் விஷக் காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் 5 சதவீதமாக இருந்தார்கள். கொரோனாவில், நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிகளையும் பிரசவித்த தாய்மார்களையும் பற்றித் திரட்டிய தரவுகளில், தொற்றின் அறிகுறிகளோடு இருந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம், இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக உயர்ந்தது. அந்த இரண்டாம் அலையின்போது கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. 2021 ஜூலை 2-ஆம் தேதிதான் அந்த அனுமதி வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கை கழுவுவதைப் பற்றிப் பேசும்போது எங்கள் பயிற்சிக் காலத்தில் சொல்லித் தந்த ஒரு வரலாறு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். வியன்னா நகரத்தின் பொது மருத்துவமனையில் ஒரு பிரசவப் பிரிவில் தாய்மார்கள், பிரசவத்துக்குப் பின் வரும் தொற்றுக் காய்ச்சலான பிரசவ ஜன்னியால் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்ற அளவில் இறப்பு இருந்தது. அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மாணவர்களையும் மருத்துவர்களையும், இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் குளோரின் கலந்த சுண்ணாம்பைக் கரைத்த நீரில் கை கழுவிய பிறகே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. அங்கே தாய்மார்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களைத் தொட வந்தவர்கள் மாறினார்கள்; தாய்மார்கள் பிழைத்தார்கள். உங்கள் வீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே வெளியே போய்வருபவரிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவராக இருக்கலாம். மாமனார் டீக்கடைப் பெஞ்சில் செய்தித்தாள் படிக்கிறவராக இருக்கலாம். மாமியார் ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கி வருகிறவராக இருக்கலாம். இவர்கள் எல்லாரும் கூட்டமுள்ள இடத்தில், குறிப்பாகக் கதவு சன்னல் அடைத்த இடத்திலும் மினிபஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகக்கவசத்தோடு இருப்பதுதான் உங்களுக்கான முதல் காப்பு. தாடையில் தொங்கும் கவசம் ஒன்றுக்கும் உதவாது. வீடு திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் திண்ணையோரம் ஒரு தொட்டியில் தண்ணீர் இருந்தது; கை கால் கழுவாமல் யாரும் வாசல்படி தாண்டியதில்லை. அந்தத் தண்ணீரோடு ஒரு சோப்பை வைத்தால் வேலை முடிந்தது. வந்தவர் ஒவ்வொரு முறையும் தலைக்குக் குளிக்க வேண்டிய அவசியமில்லை.

தேவைக்கு மேல் நாம் செய்தவையும் உண்டு. கத்தரிக்காயைச் சோப்பு நீரில் ஊற வைத்ததும், ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டதும், பால் பாக்கெட்டை மஞ்சள் நீரில் முக்கியதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு யாருக்கும் நிச்சயம் தெரியாத நிலையில் அப்படிச் செய்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருட்களைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. காய்கறியை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அந்த நேரத்தையும் உழைப்பையும் காற்றுப் பக்கம் திருப்புங்கள்.

நம்மிடம் எச்சிலைப் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறோம். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தின்பதில்லை. பரிமாறும் கரண்டி இலையில் படக் கூடாது என்கிறோம். ஆனால் மூச்சைப் பற்றி அப்படி ஒரு பழக்கம் நம்மிடம் வளரவில்லை. கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை போன்றவை பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் துளிகளிலும், அடைத்த அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும் நுண்துளிகளிலும் பரவுகின்றன. இதனால்தான் “கர்ப்பிணியைப் பத்திரமாக உள் அறையில் வைத்திருக்கிறோம்” என்று சன்னலைச் சாத்தி வைப்பது நேர்மாறான பலனைத் தரும். மதுரையின் மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்; பக்கவாட்டில் சன்னலே வைக்க முடியாது. அத்தகைய வீட்டில் முன்வாசலையும் பின்வாசலையும் ஒருசேரத் திறந்து வைப்பதும், முற்றமோ மொட்டை மாடியோ இருந்தால் கர்ப்பிணி பகலில் அங்கே அதிக நேரம் இருப்பதும் நல்லது. கிராமத்து வீட்டில் உங்களுக்கு இது எளிது. வீட்டில் ஒருவருக்குத் தொண்டை கரகரத்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், அன்றிரவே அவர் படுக்கையைத் திண்ணைக்கோ மாடிக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே கொரோனா பரவத் தொடங்கிவிடுவதால், ஊரில் தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில், கர்ப்பிணிக்கு எட்டு, ஒன்பது மாதமாக இருந்தால், வெளியில் வேலைக்குப் போகிறவர் நோய் எதுவும் இல்லாதபோதும் தனியே படுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நோயுற்றவரைக் கவனிக்கும் பொறுப்பைக் கர்ப்பிணியிடம் கொடுக்கவே கூடாது. “அவள்தானே வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று கஞ்சி வைத்துக் கொடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

முகக்கவசம் போட்டால் குழந்தைக்கு மூச்சுக் குறையும் என்ற பயம் பலருக்கு இருந்தது. துணிக் கவசமோ அறுவைச் சிகிச்சைக் கவசமோ தாயின் இரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கோ பஸ்ஸிலோ போகும் நேரத்துக்கு அதை அணிந்திருப்பதால் கருவுக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பத்தில் இயல்பாகவே மேல்மூச்சு வாங்கும். அதோடு வெயிலும் வியர்வையும் சேர்வதால் கவசம் திணறலாகத் தோன்றும். ஆள் இல்லாத மர நிழலில் நின்று கழற்றி, ஆறுதலாக மூச்சு விட்டுவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். நனைந்ததை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

உங்கள் கைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஓயாமல் கழுவித் தோல் வெடித்த கை, கழுவாத கையைவிடப் பாதுகாப்பானதன்று. வெடிப்பில் கிருமி தங்கும், எரிச்சலுக்குப் பயந்து தேவையான நேரத்தில் கழுவத் தோன்றாது. நேரம் பார்த்துக் கழுவினால் போதும். சமைக்கும் முன், சாப்பிடும் முன், மாத்திரை போடும் முன், கழிவறைக்குப் போன பின், வெளியிலிருந்து வந்த பின், மூக்கைச் சிந்திய பின். மூத்த குழந்தை இருக்கிற உங்களுக்கு இன்னொன்றும் உண்டு: அவன் மூக்கைத் துடைத்த பின்னும் கால் கழுவிவிட்ட பின்னும். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி 20 வினாடி தேய்த்தால் சாதாரணக் குளியல் சோப்பே கொரோனா போன்ற கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். கிருமிநாசினிச் சோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சானிடைசர் என்றால் அதில் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். மண்ணோ எண்ணெயோ ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. அதைத் தடவிய கை முழுதாகக் காய்வதற்கு முன் அடுப்பைப் பற்ற வைக்கவோ விளக்கேற்றவோ கூடாது.

பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைத் தாய் தின்பதும், பிள்ளைக்கு ஊட்டிய அதே கரண்டியில் தானும் ஒரு வாய் சாப்பிடுவதும் எல்லா வீட்டிலும் உண்டு. சோறு வீணாகிறதே என்ற மனசு எனக்கும் புரிகிறது. ஆனால் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ போகிற குழந்தையின் எச்சிலில் சளிக் காய்ச்சல் கிருமிகளும், கருவைத் தாக்கக்கூடிய வேறு சில வைரஸ்களும் வரும். இந்த நான்கு மாதத்துக்கு அந்தத் தட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் பல தெருக்களில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. குடத்திலும் அண்டாவிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். கை கழுவுவதற்காகப் பெருந்தொற்றுக் காலத்தில் இன்னும் அதிகமாகப் பிடித்து வைத்தோம். மூடாத அந்தத் தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. அது பகலில் கடிக்கும். அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணிக்கு டெங்குவும் ஆபத்தானது. எனவே பாத்திரத்தைத் துணி கட்டியோ மூடி போட்டோ மூடுவதோடு, வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கை கழுவும்போது சேமித்த தண்ணீருக்குள் கையை விடாமல், இன்னொருவரை மக்கில் ஊற்றச் சொல்லியோ, குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளியிலோ கழுவுங்கள்.

இனி வளைகாப்பு. உங்களுக்கு ஐந்தாம் மாதம் என்றால், ஏழாம் மாத வளைகாப்புப் பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். ஒரு செவிலியராக அந்தச் சடங்கைப் பார்த்தால், எல்லாருடைய கையும் மூச்சும் ஒரே பெண்ணை நோக்கி வரும் நிகழ்ச்சி அது. வருகிற ஒவ்வொருவரும் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கையைப் பிடித்து வளையல் ஏற்றி, காதருகே குனிந்து பேசி, ஒரு வாய் ஊட்டியும் விடுவார்கள். ஊரில் தொற்று இல்லாத காலத்தில் இதைவிட மனத்துக்கு இதமானது கர்ப்பிணிக்கு வேறில்லை. எனவே அதை வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. பெருந்தொற்றுக் காலத்தில் அதைச் சிறிதாகச் செய்யலாம். கல்யாண மண்டபத்துக்குப் பதிலாக வீட்டு வாசலில், பந்தலின் கீழ், காற்றோட்டத்தில். பெற்ற தாயும் மாமியாரும் நாத்தனாருமாக ஐந்து பேர். சந்தனமும் வளையலும் ஒருவர் கையால் மட்டும். மற்றவர்கள் அட்சதை தூவி வாழ்த்தினால் போதும். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாம். லேசாகத் தும்மல் இருக்கிறவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் அன்று வரக் கூடாது, அதை அவமரியாதையாக யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. உறவினர் மனம் கோணுவார்களே என்று தயங்கினால் 2020-ஐ நினைவுபடுத்துங்கள். அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணமே பட்டர்கள் சிலரோடு கோயிலுக்குள் நடந்தது; மதுரைப் பெண்கள் வீட்டில் இருந்தபடி அதைப் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகரும் அந்த ஆண்டு வைகையில் இறங்கவில்லை. யாருடைய பக்தியும் அதனால் குறைந்துவிடவில்லை.

இப்படி ஒதுங்கி இருப்பது நமக்குப் புதிதும் அல்ல. அம்மை போட்ட வீட்டின் வாசல் நிலையில் வேப்பிலை செருகினால், கர்ப்பிணி அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது என்று ஊர் விதித்து வைத்திருந்தது. சின்னம்மை கர்ப்பிணியின் நுரையீரலைப் பாதிக்கும், கருவையும் பாதிக்கக்கூடும் என்று மருத்துவம் சொல்வதற்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. வேப்பிலையைக் கிருமியைக் கொல்லும் மருந்தாக எண்ணாமல், “இங்கே வராதீர்கள்” என்ற அறிவிப்பாகப் பார்த்தால் அதன் பயன் விளங்கும்.

அடைத்து வைப்பதன் பெரிய கேட்டை இனிச் சொல்கிறேன். இந்தப் பதிலில் என் மனம் மிகவும் கனத்துப் பேசும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் கொரோனாவின் முதல் மரணம் 2020 மார்ச் 25-ஆம் தேதி மதுரையில் பதிவானது. அன்றே நாடெங்கும் ஊரடங்கும் தொடங்கியது. ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகராட்சியும் பரவை பேரூராட்சியும் சுற்றியுள்ள ஒன்றியங்களும் மறுபடி முழு ஊரடங்கில் இருந்தன. அந்த நாட்களில் “ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் கொரோனா வரும்” என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. என் பகுதியில் ஒரு பெண், ஆறாம் மாதத்துக்குப் பின் இரண்டு மாதம் பரிசோதனைக்கு வரவில்லை. வீட்டார் அவரை உங்களைப் போலவே பத்திரமாக அறையில் வைத்திருந்தார்கள். காலில் வீக்கத்தை எல்லாரும் இயல்பு என்று எண்ணினார்கள். ஒரு நள்ளிரவில் கடும் தலைவலியும் பார்வை மங்கலுமாக 108-இல் ஏற்றி வந்தபோது இரத்த அழுத்தம் 170/110. தாய் பிழைத்தார், குழந்தையைக் குறைமாதத்தில் எடுக்க வேண்டியதாகி, பல வாரம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவருக்குக் கொரோனா கடைசி வரை வரவே இல்லை. சத்து மாத்திரையை அந்த வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்த நான், இரத்த அழுத்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். இன்று வரை அது எனக்கு வலிக்கிறது.

ஆதலால் எந்தப் பெருந்தொற்று வந்தாலும் சில தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் குறைபாடு பார்க்கும் ஸ்கேன். உங்களுக்கு அது இப்போதே வந்திருக்கும். 24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின். இடைப்பட்ட சில சந்திப்புகளைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அழுத்தத்தைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று கேட்டுப் போங்கள். கூட ஒருவர் மட்டும் வரட்டும். கூடத்தில் இடித்துக்கொண்டு உட்காராமல், வெளியே மரத்தடியில் இருந்து பெயர் சொல்லி அழைத்ததும் உள்ளே போங்கள். இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் சாப்பிடுவது பிரசவ நேர இரத்தப்போக்கைத் தாங்க உதவும். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான டிடி தடுப்பூசியையும் காலம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை தொற்று வந்துவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலான கர்ப்பிணிகள் லேசான காய்ச்சலோடு குணமாகிவிட்டார்கள், கருவுக்குத் தொற்று கடந்ததும் அரிதாகவே நடந்தது. ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் சாப்பிடலாம். வலிக்கு என்று கடையில் தரும் வேறு மாத்திரைகளைக் கேட்காமல் போடக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே காட்டினால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைதல், இரத்தமோ நீரோ படுதல், விடாத தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டியதில்லை.

தடுப்பூசியில் உங்கள் தலைமுறைக்கு இருந்த தயக்கத்தை நான் அறிவேன். அனுமதி வந்த பிறகும், “குழந்தைக்கு என்ன ஆகுமோ” என்று பல வீடுகளில் பெரியவர்கள் தடுத்தார்கள். அதன் பிறகு உலகெங்கும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள். கருச்சிதைவோ குறைபாடோ அதனால் கூடவில்லை. தாய் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஃப்ளூ தடுப்பூசிக்கும் இது பொருந்தும்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஊசியைப் போட முடியாது, தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கும் காப்பு. புதிதாக ஒரு தொற்று வந்து அதற்கு ஊசியும் வந்தால், கர்ப்பிணிகளுக்கு அனுமதி உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். அனுமதி வரும் வரை உங்களைச் சுற்றியுள்ள எல்லாரும் போட்டுக்கொள்ளட்டும்.

கஷாயங்களைப் பற்றிக் கேட்பீர்கள். கபசுரக் குடிநீர் ஊரெங்கும் வழங்கப்பட்டது. அதில் பல மூலிகைகள் சேர்கின்றன, எனவே கர்ப்பிணி தன் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மிளகு ரசமும் மஞ்சள் பாலும் உணவாக நல்லவை. ஆவி பிடிப்பது மூக்கடைப்பைத் தளர்த்தும், கிருமியைக் கொல்லாது. கொதிக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்துத் தொடை வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு கலந்து தரை கழுவவே கூடாது, அந்த வாயு நுரையீரலைச் சுட்டுவிடும். அந்த வேலை கர்ப்பிணியுடையதும் அல்ல.

குழந்தை பிறந்த பிறகு பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம்தான் உங்கள் வீட்டார் உறுதியாக நிற்க வேண்டியிருக்கும். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பெரியவர் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்ற ஆசையில் விரலால் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவுகிறார்கள். அந்த விரலில் வருவது குணம் மட்டுமல்ல. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், அதுவே முதல் ருசியாக இருக்கட்டும். உங்களுக்குத் தொற்று இருந்தாலும் கை கழுவி, முகக்கவசம் அணிந்து, தாய்ப்பால் கொடுக்கலாம். பாலின் வழியாகக் கொரோனா பரவுவதில்லை, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதால்தான் அதிகக் கெடுதல். பார்க்க வருகிறவர்கள் முதல் சில வாரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும், முத்தம் வேண்டாம். பிறந்ததும் காசநோய்க்கு எதிரான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைக்கான முதல் ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் அடுத்தடுத்தவை. புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு எந்த வாரம் செவிலியர் வருகிறார் என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளும்படி மாமியாரிடம் சொல்லுங்கள். நீங்கள் பிரசவித்துப் படுத்திருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர் அவராகத்தான் இருப்பார்.